மூன்று தூண்களும் ஒரு பொய்யும்

நீண்ட பதிவு. குறியீட்டியல், நாட்டார் வழக்காற்றியல், கலை வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோரும் செய்யவிருப்போரும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். இது முதலில் என்மீதான குற்றப்பத்திரிகை, பிறகே பிறர்மீதானது.

சென்ற மாதம் இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் பார்வையாளராக இருந்தேன். ருமேனியாவின் வடமேற்கில், உக்ரைன் எல்லையை ஒட்டிய மராமுரேஷ் பகுதியின் செதுக்கு மரவாயில்களைப் பற்றி ஒருவர் கட்டுரை வாசித்தார். திரையில் ஓர் அட்டவணை விரிந்தது. இடப்பக்கம் உருவம், வலப்பக்கம் பொருள். ஞாயிறு: உயிரின் ஊற்று. முறுக்குக் கயிறு: முடிவின்மை. மரம்: தலைமுறைத் தொடர்ச்சி. ஓநாய்ப்பல்: தீமையினின்று காவல். கடைசி வரி: மூன்று தூண்கள்: மேலுலகு, நிலவுலகு, கீழுலகு. ‘இது மராமுரேஷ் உழவர்களின் தொன்மையான நம்பிக்கை’ என்றார் கட்டுரையாளர்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு முகம் வெளிறியது. அது மராமுரேஷ் உழவர்களின் நம்பிக்கை அன்று, என்னுடைய வரி. ஆறு ஆண்டுகளுக்கு முன், முதுகலை மொழியியலின் இறுதிப் பருவத்தில், குறியீட்டியல் தாளுக்கான ஒப்படைவில் நான் எழுதியது. எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. எவரும் எனக்குச் சொல்லவும் இல்லை. ஒளிப்படத்தில் மூன்று தூண்களைக் கண்டேன். அந்த வாரம் வகுப்பில் மிர்ச்சா எலியாதேயைப் படித்திருந்தோம். மூன்று என்றதும் மூவுலகம் நினைவுக்கு வந்தது; எழுதிவிட்டேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஒப்படைவைப் பொதுவில் பதிவேற்றினேன். அங்கிருந்து அது எவ்வழியாக எங்கெங்கு சென்றதோ, அறியேன். என் சொற்களின் வரிசைகூட மாறாமல், ஒரு மக்கள் கூட்டத்தின் தொன்மையாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன்: ‘இந்தப் பொருள்களை யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த வாயிலைக் காட்டிச் சொன்னார்கள்?’ கட்டுரையாளர் விடை சொல்வதற்குள் அமர்வுத் தலைவர் குறுக்கிட்டார். குறியீடுகள் உலகப் பொதுவானவை. அவற்றுக்கு ஊரும் ஆண்டும் கேட்பது களப்பணியாளரின் பழக்கமே தவிர, பொருள் விளக்கத்திற்குத் தேவையற்றது என்றார். கடைசி வரியை எழுதியவன் நானே என்று சொல்லும் துணிவு அப்போது எனக்கு வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தின் கடனையே இந்தப் பதிவில் அடைக்கிறேன்.

முதலில் வாயிலையே பார்ப்போம். மராமுரேஷில் மாரா, கொசௌ, ஈசா ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குச் சிற்றூர்களில், வீட்டு முற்றத்திற்கும் தெருவுக்கும் இடையே உயர்ந்த மரவாயில்கள் நிற்கின்றன. பெரும்பாலும் ஓக் மரம். தடித்த மூன்று தூண்கள், மேலே அவற்றைப் பிணைக்கும் உத்திரம், அதற்கும் மேலே மழை இறங்காதபடி மரச்சில்லுகள் வேய்ந்த சிறு கூரை. தூண்களுக்கு இடையே இரண்டு திறப்புகள்: வைக்கோல் ஏற்றிய வண்டி நுழைவதற்கு அகன்ற ஒன்று, ஆள் நுழைவதற்குக் குறுகிய திட்டிவாசல் ஒன்று. தூண்களிலும் உத்திரத்திலும் செதுக்கு வேலை.

இப்போது என் மூவுலகத்திற்கு வருவோம். தூண்கள் ஏன் மூன்று? திறப்புகள் இரண்டு என்பதால். அடுத்தடுத்த இரு திறப்புகளைத் தாங்க மூன்று தூண்கள் வேண்டும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். வண்டிக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என்று வாழ்வின் தேவை வகுத்த கணக்கு அது. ஒவ்வொரு முறையும் பெரிய கதவைத் திறந்தால் கால்நடைகள் வெளியேறும், ஆகவே திட்டிவாசல். இவ்வளவு எளிய விடையை நான் தேடவில்லை. ஏனென்றால் குறியீட்டைத் தேடச் சொல்லித்தான் எனக்கு ஒப்படைவு தரப்பட்டிருந்தது. மாடும் வண்டியும் வைக்கோலும் என் அட்டவணையில் இடம் பெறவில்லை.

அட்டவணையின் பிற வரிகளையும் இப்படியே உரசிப் பார்க்கலாம். ஞாயிறு என்று சொல்லப்படுவது பல வாயில்களில் ஒரு வட்டமும் அதனுள் ஆறு இதழ்களும். கவராயத்தை ஆரத்தின் அளவு மாறாமல் பிடித்து வட்டத்தின் விளிம்பில் அடியெடுத்து வைத்தால், சரியாக ஆறு அடிகளில் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும்; வழியில் ஆறு இதழ்கள் தாமாகவே தோன்றும். பள்ளியில் கவராயத்தோடு விளையாடிய எவரும் இதை வரைந்திருப்பார். போலந்தின் மலையூர் வீடுகளில் கூரையைத் தாங்கும் நடு உத்திரத்தில் இதே ஆறிதழ் வட்டம் உண்டு. பாஸ்க் நாட்டுக் கல்லறைக் கற்களிலும், இங்கிலாந்தின் பழைய களஞ்சியச் சுவர்களிலும் உண்டு. இத்தனை இடங்களிலும் ஒரே ஞாயிற்று வழிபாடு நிலவியது என்று கொள்வதைவிட, இத்தனை இடங்களிலும் கவராயம் இருந்தது என்று கொள்வது எளிது.

இதனால் அந்த வட்டத்துக்குப் பொருளே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வடிவம் எளிதில் கிடைப்பது. அதில் ஏற்றப்படும் பொருள் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. ஓரிடத்தில் அது ஞாயிறாக இருந்திருக்கலாம், மற்றோரிடத்தில் காப்புக் குறியாக இருந்திருக்கலாம், இன்னோரிடத்தில் தச்சரின் கைத்திறனைக் காட்டும் அழகு மட்டுமாக இருந்திருக்கலாம். எது எங்கே என்பதை வடிவம் தானாகச் சொல்லாது; மனிதரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். மொழியியல் மாணவர்களுக்கு இது முதற்பருவப் பாடம். ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு சொற்பிறப்பு காண்பவரை நாம் நகைக்கிறோம். வடிவ ஒப்புமையை மட்டும் கொண்டு குறியீட்டின் பிறப்பைக் காண்பவருக்கோ முனைவர் பட்டம் அளிக்கிறோம்.

அட்டவணையில் ஒரு வரி கூடுகிறது, அதனால் யாருக்கு என்ன கேடு என்று சிலர் கேட்கக்கூடும். கேடு உண்டு. ருமேனியாவிலேயே அதற்குச் சான்று உண்டு.

ரோமப் பேரரசன் டிராஜன் கி.பி. 106இல் தாசியாவை வென்றான். 270களில் ரோமர் அங்கிருந்து பின்வாங்கினர். மராமுரேஷ் ரோம மாகாணத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. எனவே அங்கே வாழ்ந்தோர் ‘வெல்லப்படாத தாசியர்’, இன்றைய மராமுரேஷ் உழவர் அவர்களின் நேரடி வழித்தோன்றல், அவர் வாயிலில் செதுக்குவது தாசியரின் ஞாயிறு என்று ஒரு கதை கட்டப்பட்டது. ஓநாய்ப்பல் என்னும் வளைமுறிக் கோட்டுக்கும் இதே கதிதான். தாசியர் என்ற பெயரே ஓநாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்ற கருத்தை எலியாதே ஒரு கட்டுரையில் விரித்தெழுதினார். அதன் துணையோடு, உளி முனையால் வெட்டிய முக்கோண வரிசை ஒவ்வொன்றும் தாசியரின் ஓநாயாக வாசிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயர் ருமேனியரிடம் மட்டும் இல்லை. ஹங்கேரியரும் இத்தகைய விளிம்பு வடிவத்தைத் தம் மொழியில் ஓநாய்ப்பல் என்றே அழைக்கிறார்கள். போலந்து மொழியிலும் அப்படியே. பெயர் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் எளிது: அந்த வரிசை பல்வரிசை போலத் தெரிகிறது, அந்நிலங்களில் ஓநாய் திரிந்தது.

மரம் கல்லைப் போன்றதன்று. மழையிலும் பனியிலும் நிற்கும் தூண் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்வதில்லை. இன்று நின்றிருக்கும் வாயில்களில் மிகப் பெரும்பாலானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளையும் அவற்றுக்குப் பின்னரும் சேர்ந்தவை. தாசியருக்கும் இந்தத் தூண்களுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. அதை நிரப்ப ஒரு மரத்துண்டும் இல்லை. அருகிலே உறுதியான காலம் உடைய உறவினர் ஒருவர் இருக்கிறார்: அதே பகுதியின் மரத் தேவாலயங்கள். புதெஷ்தியிலுள்ளது 1643, பர்சானாவிலுள்ளது 1720. 1999இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த எட்டுத் தேவாலயங்களுள் இவ்விரண்டும் அடங்கும். அப்பகுதித் தேவாலயங்களின் கதவுச் சட்டங்களில் அந்த முறுக்குக் கயிறு இருக்கிறது. ஐரோப்பா முழுவதும் இடைக்காலக் கற்கோயில் வாசல்களிலும் கயிற்று விளிம்பு உண்டு. வீட்டு வாயிலுக்குக் கயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பின்னோக்கித் தாவுமுன் அடுத்த தெருவிலிருக்கும் தேவாலயக் கதவைப் பார்த்திருக்க வேண்டாமா?

பார்க்காததற்குக் காரணம் இருந்தது. சௌஷெஸ்கு ஆட்சிக்குத் தொன்மை தேவைப்பட்டது. 1974இல் எட்கார் பாப்பு என்னும் திறனாய்வாளர் ‘முற்காலவாதம்’ என்ற கருத்தை முன்வைத்தார். பண்பாட்டின் பெரும்போக்குகள் பலவற்றுக்கும் ருமேனியரே முன்னோடி என்பது அதன் சாரம். ஆட்சி அதை ஆரத் தழுவிக்கொண்டது. 1976இல் ‘ருமேனியாவின் பாடல்’ என்ற பெயரில் நாடு தழுவிய கலைவிழா தொடங்கப்பட்டது. நாட்டார் கலை மேடையேறிற்று. 1980இல், புரெபிஸ்தா மன்னன் ஒருங்கிணைந்த தாசிய அரசை நிறுவி 2050 ஆண்டுகள் ஆயின என்று அரசு விழா எடுத்தது. பஞ்சமும் இருட்டும் சூழவிருந்த பத்தாண்டின் தொடக்கத்தில், மக்களுக்கு உணவுக்குப் பதிலாக ஈராயிரம் ஆண்டுப் பெருமை வழங்கப்பட்டது. இத்தகைய கதைக்குச் சான்றாக நிற்க மரவாயிலைவிட ஏற்ற பொருள் ஏது? அது மறுத்துப் பேசாது. அட்டவணை ஒன்று இருந்தால் போதும். எவருக்கும் ஏற்றபடி பேசும்.

எவருக்கும் என்பதை மிகையாகச் சொல்லவில்லை. அதே திரான்சில்வேனியாவின் கிழக்கில் ஹங்கேரிய மொழி பேசும் செக்கேய் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் செதுக்கு மரவாயில்கள் உண்டு. அவற்றின் கூரையில் புறாக்கூடு இருக்கும், உத்திரத்தில் வாழ்த்தும் ஆண்டும் பொறித்திருக்கும், வண்ணமும் தீட்டுவார்கள். திறப்புகள் அங்கும் இரண்டு, தூண்கள் அங்கும் மூன்று. ஞாயிறும் உண்டு, கயிறும் உண்டு. அந்த ஞாயிறு யாருடையது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செக்கேய் அணிவேலைகளைத் திரட்டிய யோஷெஃப் ஹுஸ்கா, அவற்றின் வேர்கள் கிழக்கில், ஆசியாவில் உள்ளன என்று வாதிட்டார். ஹங்கேரியரின் முன்னோர் குதிரைமீது கொண்டுவந்த மரபு அது என்று ஆயிற்று. ஆக, மலையின் ஒருபுறம் அதே வட்டம் தாசிய ஞாயிறு. மறுபுறம் அதே வட்டம் ஆசியப் புல்வெளியின் ஞாயிறு. இரு தரப்பும் ஒரே முறையைப் பயன்படுத்தியே ஒன்றையொன்று மறுக்கும் முடிவுகளுக்கு வந்தன. ஒரே முறை எதிரெதிர் முடிவுகள் இரண்டையும் ஒரே உறுதியோடு தருமானால், அதை ஆய்வுமுறை என்று அழைக்கலாகாது. ருமேனிய நாட்டின் அரசுச் சின்னத்தில் திரான்சில்வேனியாவுக்குரிய பகுதியில் ஞாயிறும் பிறையும் இருக்கின்றன. மரபுப்படி அவை குறிப்பது செக்கேய் மக்களையே. மரத்திலுள்ள ஞாயிற்றைப் பங்கிட முடியாதவர்கள் சின்னத்திலுள்ள ஞாயிற்றைப் பகிர்ந்து வாழ்கிறார்கள்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாயிலைச் சுற்றியுள்ள ருமேனியச் சொற்களைப் பாருங்கள். வாயிலைக் குறிக்கும் ‘ப்வார்த்தா’ இலத்தீன் வழி வந்தது. கயிறு ‘ஃபூனியே’, அதுவும் இலத்தீன். தூண் ‘ஸ்தில்ப்’, வாசற்படி ‘ப்ராக்’, உளி ‘தால்தா’ ஆகியவை ஸ்லாவியம். அகன்ற கோடரி ‘பர்தா’ ஹங்கேரியம். கூரையின் மரச்சில்லு ‘ஷின்ட்ரிலா’ ஜெர்மன். தேவதாரு வகை மரத்தைக் குறிக்கும் ‘ப்ராத்’ என்ற சொல்லுக்கு அல்பானிய மொழியில் இணை உண்டு. அதனால் இலத்தீனுக்கு முற்பட்ட அடித்தள மொழியின் எச்சமாக அது கருதப்படுகிறது. ஒரே வாயிலின் முன் ஐந்து மொழிகள் கூடி நிற்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் மூலம் என்று பிரித்தெடுப்பது எந்த நேர்மையின்பாற்படும்? என் முறைக்கும் நான் எல்லை கட்டியாக வேண்டும். சொல் கடன் என்பதனால் பொருளும் கடன் ஆகிவிடாது; உளிக்கு ஸ்லாவியப் பெயர் இருப்பதால் ஸ்லாவியர் வரும்வரை அங்கே உளி இல்லை என்று நான் சொன்னால், அதுவும் என் மூவுலக வரியைப் போன்ற பொய்யே. சொற்கள் காட்டுவது ஒன்றுதான்: அந்த மக்கள் அண்டை மக்களோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள். உறைந்த தொன்மை என்பது அவர்களின் வரலாறு அன்று.

தொன்மை எவ்வளவு விரைவில் உற்பத்தியாகும் என்பதற்கு அதே மராமுரேஷில் சபன்ட்சா என்ற ஊர் சான்று. அங்கே ‘மகிழ்ச்சிக் கல்லறை’ என்று உலகப் புகழ்பெற்ற இடுகாடு உள்ளது. நீல வண்ண மரச் சிலுவைகளில் இறந்தவரின் வாழ்க்கைக் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். அவரே தன் கதையைச் சொல்வதுபோல் செய்யுள் பொறிக்கப்பட்டிருக்கும். சாவைச் சிரித்து வரவேற்பது தாசியரின் அழியாமைக் கொள்கை என்று பயண வழிகாட்டிகள் எழுதுகிறார்கள். தாசியரின் உறவினரான கெத்தே மக்கள் தம்மை இறவாதவர் என நம்பினர் என்று ஹெரோடோட்டஸ் குறித்திருப்பதை இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் இந்தச் சிலுவைகளின் பிறப்பு இருளில் மறைந்த ஒன்றன்று. ஸ்தான் இயோன் பாத்ராஷ் என்ற தச்சர், 1908இல் பிறந்தவர், 1930களின் நடுவில் இதைத் தொடங்கினார். 1977இல் இறக்கும் வரை செய்தார். பெயர் தெரியும், ஊர் தெரியும், காலம் தெரியும், அவரே செதுக்கிய அவருடைய சிலுவையும் நிற்கிறது. அப்படியிருந்தும் அவருடைய படைப்பை அவரிடமிருந்து பிடுங்கி ஹெரோடோட்டஸிடம் ஒப்படைத்தாயிற்று. பெயரறிந்த கலைஞருக்கே இந்நிலை என்றால், பெயரறியா வாயில் தச்சர்களுக்கு நாம் என்ன செய்திருப்போம்?

அட்டவணை செய்யும் முதற்கொலை இதுதான். செய்தவரை அகற்றுகிறது. இரண்டாவதாக, சமூகத்தை அகற்றுகிறது. மராமுரேஷில் ஹங்கேரிய அரசின் கீழ் ‘நெமெஷ்’ எனப்பட்ட சிறு பிரபுக் குடும்பங்கள் ஏராளமாக இருந்தன. நிலத்தை அவர்களே உழுதாலும் தகுதியால் குடியானவருக்கு மேற்பட்டவர்கள். பெரிய வாயில் வைக்கும் உரிமை ஒருகாலத்தில் அவர்களுக்கே உரியதாயிருந்தது என்று அப்பகுதியில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் அந்த வாயிலைக் கடந்துபோன ஏழைக்கு அது சொன்ன முதல் செய்தி ‘உயிரின் ஊற்று’ அன்று. ‘இது யார் வீடு என்று தெரிந்து நட’ என்பதே. எந்த அட்டவணையிலாவது இந்த வரியைக் கண்டிருக்கிறீர்களா? தகுதிக்கான வேலியை ஆன்மிகமாக மொழிபெயர்ப்பது, வேலிக்கு வெளியே நின்றவரை இரண்டாம் முறை வெளியே நிறுத்துவதாகும்.

இன்றைய நிலையும் அப்படியே மறைக்கப்படுகிறது. 1989க்குப் பின், சிறப்பாக 2007இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின், மராமுரேஷின் இளையோர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சென்றார்கள். அங்கே ஈட்டிய பணம் ஊரில் புதிய வீடுகளாக எழுந்தது. அவ்வீடுகள் சிலவற்றின் முன் பழையவற்றைவிட உயரமான, அடர்ந்த செதுக்குடைய புதிய வாயில்கள் எழுந்தன. உரிமையாளர் ஆண்டில் சில வாரங்களே அந்த வாயிலின் வழி நடப்பார். தொலைவில் முதுகு வளைத்தவர், ஊரார் முன் நிமிர்ந்து நிற்பதற்காக நட்ட தூண் அது. அதில் முடிவின்மையைக் குறிக்கும் கயிற்றை மட்டும் காண்பவர், அந்த மனிதரின் இருபது ஆண்டுகளைக் காண மறுக்கிறார்.

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதுவும் அந்த நிலத்திலேயே இருந்தது. பழைய மராமுரேஷ் மாவட்டம் முதல் உலகப் போருக்குப் பின் தீசா ஆற்றை ஒட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடபகுதி செக்கோஸ்லோவாக்கியாவின் சுப்கார்ப்பத்தியன் ரூஸ் ஆட்சிப்பரப்பில் அடங்கிற்று. 1920களில் அப்பரப்பின் ஊர்களில் களப்பணி செய்தவர் பியோத்தர் பொகத்திரியோவ். பிராகு மொழியியல் வட்டத்தைச் சேர்ந்தவர், யாக்கப்சனின் தோழர். 1929இல் பாரிசில் வெளியான நூலில் அவ்வூர்களின் மந்திரச் செயல்களையும் சடங்குகளையும் ஆராய்ந்தார். சசூரின் ஒருகால நோக்கைச் சடங்குக்குப் பொருத்தி, ‘இது எங்கிருந்து தோன்றியது’ என்பதை ஒதுக்கிவைத்து, ‘இதைச் செய்பவருக்கு இன்று இது என்ன’ என்று கேட்டார். ஒரே செயலுக்கு ஒருவர் ஒரு விளக்கமும், மற்றொருவர் வேறு விளக்கமும் தருவதைக் குறித்தார். விளக்கமே இல்லாமல், செய்வது வழக்கம் என்பதற்காகச் செய்வோரையும் குறித்தார். விளக்கம் இல்லை என்பதையும் ஒரு தரவாக ஏற்ற நேர்மை அது. 1937இல் மொராவிய ஸ்லோவாக்கியாவின் உடைகளைப் பற்றி எழுதியபோது, ஓர் உடைக்குப் பல செயற்பாடுகள் ஒருங்கே உண்டு, சூழல் மாறும்போது அவற்றின் ஏற்ற இறக்கம் மாறும் என்று காட்டினார். வாயிலுக்கு அப்படியே பொருந்துகிறது. கால்நடையைத் தடுப்பது, தகுதியைக் காட்டுவது, மணமகளை வரவேற்பது, தீமையை விலக்குவது, சுற்றுலாப் பயணியை ஈர்ப்பது, நாட்டைக் குறிப்பது: எல்லாம் ஒரே மரத்தில். எது எப்போது மேலோங்குகிறது என்பதே கேள்வி.

பொகத்திரியோவ் நம் பாடத்திட்டங்களில் எங்கே? எலியாதே எங்கும் இருக்கிறார். 1928 முதல் 1931 வரை கல்கத்தாவில் தங்கி சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் பயின்றவர் என்பதால் அவரிடம் நமக்கு உறவுப் பற்றும் கூட. வாசல் என்பது இரு உலகங்களின் எல்லை, தூண் என்பது உலகின் அச்சு என்று அவர் எழுதியதை இந்திய வகுப்பறைகளில் விதியைப் போல ஒப்பிக்கிறோம். 1930களில் ருமேனியாவின் இரும்புக் காவற்படைக்கு அவர் அளித்த ஆதரவை இங்கே காரணமாக்கி நான் அவரை மறுக்கவில்லை. மறுப்பதற்குக் காரணம் வேறு: அவருடைய முறையில் எந்த வாசலும் எல்லை, எந்தத் தூணும் அச்சு. ‘இல்லை, இந்தத் தூண் கூரையைத் தாங்குகிறது, அவ்வளவே’ என்று எந்தத் தரவாலும் அதனிடம் சொல்ல முடியாது. பொய்யாவதற்கு இடமே தராத கூற்றை ஆய்வில் மெய்யென்று கொள்ளவும் இடமில்லை.

எதிர்வாதங்களை அறிவேன். ‘இன்றைய தச்சர்களே கயிறு முடிவின்மை, ஞாயிறு உயிர் என்று சொல்கிறார்களே?’ சொல்கிறார்கள். அதை முழு மதிப்போடு பதிய வேண்டும் என்பதே என் வேண்டுகோளும். ஆனால் இன்னார், இந்த ஆண்டில், இன்னாரிடம் சொன்னது என்று பதிய வேண்டும். அருங்காட்சியகமும் விழா மேடையும் வழிகாட்டி நூலும் பல பத்தாண்டுகளாக அந்த ஊர்களுக்குத் தம் அட்டவணையை அனுப்பியிருக்கின்றன. வாங்க வருபவர் பொருள் கேட்கிறார். தச்சர் பொருள் தருகிறார். அந்த விடை பொய்யன்று. அது 21ஆம் நூற்றாண்டின் விடை. அதைத் தாசியரின் வாயில் திணிப்பதே பொய். ‘உழவர்கள் பொருளை மறந்துவிட்டார்கள், அறிஞர் மீட்கிறார்’ என்பது அடுத்த வாதம். செய்பவருக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரியும் என்ற இந்த இறுமாப்புக்குச் சான்று என்ன? மறந்ததற்கு முன்னரான பதிவைக் காட்டட்டும். ‘நீ மராமுரேஷுக்குப் போயிருக்கிறாயா?’ என்றும் கேட்பீர்கள். இல்லை. நூல்களும் ஒளிப்படங்களும் கற்றுக்கொண்டிருக்கும் ருமேனிய மொழியுமே என் கருவிகள். அதனால்தான் பொருளைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்கிறேன். போகாத ஊரின் நம்பிக்கையை ஒருமுறை எழுதிப் பார்த்தவன் நான், விளைவைக் கண்டுவிட்டேன்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளைமொழி ஆய்வில் ஒரு சொல்லைப் பதியும்போது ஊரையும் பேசியவரின் வயதையும் காலத்தையும் குறிக்காமல் விட்டால் நம் வழிகாட்டிகள் தாளைத் திருப்பி எறிவார்கள். செதுக்கப்பட்ட ஒரு கோட்டுக்கு அந்த மதிப்பையாவது கொடுங்கள். எந்த வாயில்? யார் செதுக்கினார்? யார் பணம் கொடுத்தார்? பொருளை யார் சொன்னார்? யாரிடம், எதற்காக? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத வரியை அட்டவணையில் எழுதாதீர்கள். இடம் வெறுமையாக இருக்கட்டும். வெற்றிடம் ஆய்வுக்கு இழுக்கன்று; கற்பனையால் அதை நிரப்புவதே இழுக்கு.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று. ‘இவ்வுருவங்களின் குறியீட்டுப் பொருளை எழுதுக’ என்று கேட்கும் வரை மாணவர் எழுதிக்கொண்டே இருப்பார். நானும் அப்படித்தான் எழுதினேன். ‘இப்பொருளை எவ்வாறு அறிந்தீர்?’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தால் என் மூவுலகம் அன்றே இடிந்திருக்கும்.

அந்தக் கட்டுரையாளருக்கு நேற்று மடல் எழுதி, மூன்று தூண்களைப் பற்றிய வரி என் கற்பனை என்று தெரிவித்துவிட்டேன். பதிவேற்றிய ஒப்படைவை நீக்கவில்லை. நீக்கினால் தடயம் அழியும், பொய் மட்டும் உலவும். அதன் முதற்பக்கத்தில் இந்தப் பிழையை ஒப்புக்கொண்டு ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறேன். அந்த வரியை வேறு எங்கேனும் காண்போர், அது மராமுரேஷ் உழவர் சொன்னதன்று, ஒருபோதும் அங்கே போகாத ஓர் இந்திய மாணவன் ஓர் இரவில் எழுதியது என்று அங்கேயே எழுதிவைக்க வேண்டுகிறேன்.

மறுப்புகளை வரவேற்கிறேன். வருவோர் ஊரோடும் ஆண்டோடும் வாருங்கள்.